லூப் பழசாம்!

போன ஞாயிற்றுக்கிழமை மாம்பலத்தில் ஒரு கல்யாணம். இரண்டாவது பந்தி. பக்கத்து இலையில் மாப்பிள்ளையின் ஆபீஸ் சிநேகிதன் ஒருவன், இருபத்தாறு வயதுக்கு மேல் இருக்காது. பருப்பு விழுவதற்குள் அவன் ஃபோனில் ஓடிய ரோலர் கோஸ்டர் வீடியோ கண்ணில் பட்டுவிட்டது. நமக்கு மூன்று விநாடி போதாதா? கீழே மரச்சட்டம், மேலே இரும்புத் தண்டவாளம், பக்கத்தில் ஏரி. "ஒஹாயோ, சீடர் பாயிண்ட், ஸ்டீல் வெஞ்சன்ஸ்தானே?" என்றேன். அவன் முகம் மலர்ந்தது. சாம்பார் வந்தபோது நாங்கள் நண்பர்கள். ரசம் வந்தபோது விரோதிகள்.

"லூப்பெல்லாம் இப்ப யாரு அங்கிள் பாக்கறா? அது பழசு. ஸீட்டை விட்டு உடம்பு எழும்புமே, அந்த ஏர்டைம்தான் எல்லாமே."

'அங்கிள்' என்றதை மன்னித்துவிடலாம். முன்மண்டையில் முடி இல்லாதது என் தப்பு. ஆனால் லூப்பைப் பழசு என்றதை நான்கு நாளாகியும் ஜீரணிக்க முடியவில்லை. அந்தக் கல்யாணச் சாப்பாட்டையும்தான். ஆகவே லூப்தான் உயர்ந்தது என்பதற்கு மூன்று காரணங்களை இங்கே எழுதிவைக்கிறேன். பந்தியில் சொல்ல விடவில்லை.

முதல் காரணத்தை மட்டும் அங்கேயே ஆரம்பித்தேன். 1895-இல் நியூயார்க் கோனி ஐலண்டில் ஃப்ளிப் ஃப்ளாப் என்று ஒன்று கட்டினார்கள். சுத்த வட்டமான லூப். என் இலையிலிருந்த அப்பளத்தைத் தூக்கி நிறுத்திக் காட்டினேன். "இதுதான் அந்த லூப். வண்டி தரையிலிருந்து நேரே இந்த வளைவுக்குள்ள நுழையுது. அடியிலதான் வேகம் அதிகம். அந்த வேகத்துல இவ்வளவு இறுக்கமான வளைவு வந்தா கழுத்து என்ன ஆகும்?" சொல்லும்போதே அப்பளம் நொறுங்கிவிட்டது. விளக்கத்துக்கு அது பொருத்தமாகத்தான் இருந்தது. ஏறியவர்கள் கழுத்தைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினார்களாம்.

பிறகு வெள்ளைச் சோற்றைப் பிசைந்து, அடி பெருத்து நுனி ஒடுங்கிய கொழுக்கட்டை ஒன்று பிடித்து இலை நடுவில் வைத்தேன். "இது 1976. கலிபோர்னியா, மேஜிக் மவுண்டன், ரெவல்யூஷன். ஷ்வார்ஸ்காஃப் கட்டினார், ஸ்டெங்கல் கணக்குப் போட்டார். வேகம் அதிகமா இருக்கற அடியில வளைவு அகலம், வேகம் குறையற உச்சியில வளைவு இறுக்கம். ரயில் பாதையைத் திருப்பறதுக்குப் போடற அதே கணக்கு. ஒரு அப்பளத்தைக் கொழுக்கட்டை ஆக்க மனுஷனுக்கு எண்பது வருஷம் ஆச்சு தம்பி! அதைப் போயா பழசுங்கற?"

எதிர்ப் பந்தியிலிருந்து என் மனைவி பார்த்த பார்வையின் வளைவு மிகவும் இறுக்கமானது. "என்னங்க, சாப்பாட்டுல விளையாடாதீங்க, மோர் வந்தாச்சு" என்றாள். கொழுக்கட்டையை மோரில் கரைத்துச் சாப்பிட்டேன்.

ஏர்டைமுக்கு நான் விரோதி இல்லை. ஸ்டீல் வெஞ்சன்ஸில் 27.2 விநாடி ஏர்டைம் என்று அந்தப் பூங்காவே கணக்குச் சொல்கிறது. நல்ல விஷயம். ஆனால் அதைப் புதிதாகக் கண்டுபிடித்தமாதிரி என்னிடம் சொல்லவேண்டாம். டவுன் பஸ் கடைசி ஸீட்டில் பத்து வருஷம் காலேஜுக்கும் வேலைக்கும் போனவன் நான். டிரைவர் வேகத்தடையைக் கவனிக்காமல் ஏற்றினால் அது எஜெக்டர். தலை கூரையில் இடிக்கும், டிபன் பாக்ஸ் தனியாகப் பறக்கும். மேம்பாலத்தின் இறக்கத்தில் வயிறு மட்டும் மேலேயே தங்கிவிட்டு உடம்பு கீழே போகுமே, அது ஃப்ளோட்டர். மாதப் பாஸில் இரண்டும் அடக்கம். கோஸ்டரில் கடைசி வரிசைதான் சிறந்தது என்று இன்று ஆளாளுக்குச் சண்டை போடுகிறார்கள். முன்பெட்டிகள் மேட்டைத் தாண்டி இறங்க ஆரம்பித்ததும் கடைசிப் பெட்டியைச் சுண்டி இழுக்கும், அதனால் அது வேகமாக மேட்டைக் கடக்கும். அது எங்களுக்கு இயற்பியல் வாத்தியார் சொல்லித் தெரிந்ததல்ல, கண்டக்டர் "பின்னால போ, பின்னால போ" என்று தள்ளித் தெரிந்தது.

இரண்டாவது காரணம், பெயர். லூப் என்றால் லூப். ஓரெழுத்துக் குறையவும் வேண்டாம், கூடவும் வேண்டாம். மற்ற வளைவுகளுக்கெல்லாம் வைத்திருக்கிற பெயரைப் பாருங்கள். கோப்ரா ரோல், பட்டர்ஃபிளை, பேட்விங், சீ செர்பென்ட், கேமல்பேக், பன்னி ஹாப். தண்டவாளமா, வண்டலூரா? மிருகம் தீர்ந்ததும் பலகாரத்துக்கு வந்தார்கள். பிரெட்சல் லூப். ஜப்பான் ஃபூஜி-க்யூவில் தகாபிஷா என்று 2011-இல் வந்ததே, அதில் பனானா ரோல். (வாழைப்பழம் என்றதும் உங்கள் மனத்தில் ஓட ஆரம்பித்த அந்த சினிமாக் காட்சியைத் தயவுசெய்து நிறுத்துங்கள். முக்கியமான விஷயம் பேசிக்கொண்டிருக்கிறோம்.)

பலகாரத்தின் பெயரைத்தான் வைப்பது என்று முடிவாகிவிட்டால், அந்த வேலையை நம்மிடம் அல்லவா கொடுத்திருக்கவேண்டும்? பிரெட்சலை நம்மில் எத்தனை பேர் தின்றிருக்கிறோம்? அதைக் கைமுறுக்கு என்று சொல்லிப் பாருங்கள், குப்புறப் படுத்தபடி இறங்கி, அடியில் மல்லாந்து, மறுபடி மேலேறுவது கண்முன் வரும். பன்னி ஹாப்புக்கு முயல் எதற்கு? வரிசையாகச் சின்னச் சின்ன மேடு என்றால் அது குழிப்பணியாரச் சட்டியைக் கவிழ்த்தது. டாப் ஹேட் என்கிறார்கள். செங்குத்தாக ஏறி, உச்சியில் திரும்பி, செங்குத்தாக இறங்குவது. அந்தத் தொப்பியை நம் ஊரில் மேஜிக் நிபுணர் தவிர யார் போட்டுப் பார்த்தோம்? பட்டணம் படியைக் கவிழ்த்து வைத்தால் அதுதானே? கார்க்ஸ்க்ரூவைப் புட்டிக் கார்க் திறக்கிறவன் அப்படிச் சொல்லட்டும், நமக்கு அது அச்சிலிருந்து இறங்குகிற தேன்குழல். இருட்டுக் குழாய்க்குள் நிறுத்திவைத்துப் படாரென்று வெளியே தள்ளுகிறார்களே, அது குழாய்ப்புட்டு, சந்தேகமே இல்லை. இங்கிலாந்தில் ஆல்டன் டவர்ஸில் 2013-இல் தி ஸ்மைலர் என்று கட்டி, ஒரே வண்டியில் பதினான்கு முறை தலைகீழாக்கி உலக சாதனை என்றார்கள். தூரத்திலிருந்து அதன் படத்தைப் பாருங்கள், அது இடியாப்பம். ஒரு தட்டு இடியாப்பம். தேங்காய்ப்பால்தான் இல்லை.

நார்வேக்காரர்கள் 2006-இல் ஒரே ஒரு ஸ்பீட் மான்ஸ்டர் கட்டினார்கள், அதிலிருந்த வளைவுக்கு நார்வீஜியன் லூப் என்று நாட்டின் பெயரே நின்றுவிட்டது. முதல் உலகப்போரில் விமானம் ஓட்டிய இம்மெல்மன் பெயரில் ஒன்று. ஸ்டெங்கல் பெயரில் ஒரு டைவ். அவருக்குத் தகும், விட்டுவிடுவோம். நமக்கு? சோமாசி இருக்கிறது, சுருள் பூரி இருக்கிறது, ஜாங்கிரி இருக்கிறது. ஜாங்கிரியை எந்த வளைவுக்குக் கொடுப்பது என்று மூன்று இரவாக யோசிக்கிறேன். ஒரு சுற்று சுற்றி, அதன்மேல் சின்னச் சின்ன வளையங்களாக இன்னொரு சுற்று. அப்படி ஒன்றைக் கட்ட எந்தக் கம்பெனியாலும் முடியாது. கட்டினாலும் இன்ஷூரன்ஸ் கிடைக்காது. பின்னிரவு இரண்டு மணிக்கு மனைவியை எழுப்பி இதைச் சொன்னேன். அவள் சொன்ன பதிலை எந்த வளைவுக்கும் பெயராக வைக்க முடியாது.

எங்கே விட்டேன்? பெயர். சரி, அது போகட்டும்.

2025 டிசம்பரில் திருப்போரூர்ப் பக்கம் வொண்டர்லா திறந்து, அதில் சுவிட்சர்லாந்து பொல்லிகர்–மபில்லார்ட் கட்டிய தஞ்சோரா வந்தாலும் வந்தது, சென்னையில் எல்லோரும் வல்லுநர்கள். தண்டவாளம் தலைக்குமேல், கால் அந்தரத்தில். இந்த வகை 1992-இல் சிகாகோ பக்கம் 'பேட்மேன்: தி ரைடு' என்று ஆரம்பித்த கதையை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன்! அப்போதெல்லாம் காதில் விழாதவர்கள் இப்போது என்னிடமே வந்து, "உங்களுக்கு இன்வெர்டட்னா என்னன்னு தெரியுமா சார்?" என்கிறார்கள். வருஷக்கணக்காக நான் தனியாக உட்கார்ந்திருந்த திண்ணையில் இப்போது உட்கார இடமில்லை. சந்தோஷப்படவேண்டிய விஷயம்தான். எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

பையன் கடைசியில் அந்தக் கேள்வியைக் கேட்டேவிட்டான். "உங்க கவுண்ட் எவ்வளவு அங்கிள்?" இதுவரை எத்தனை கோஸ்டரில் ஏறியிருக்கிறோம் என்கிற கணக்கு. அவனுடையது அறுபத்தி ஒன்று. கம்பெனி அமெரிக்காவுக்கும் ஜெர்மனிக்கும் அனுப்புகிறது, வார இறுதியில் இவன் ஏறுகிறான். என்னுடையது ஒன்பது. அந்த ஒன்பதில் ஒன்று பொருட்காட்சி டிராகன் ரயில். பச்சை நிறம், ஒரு கண் இல்லை, முட்டை வடிவப் பாதை, மேடு என்று பார்த்தால் முழங்கால் உயரம். "குழந்தை இல்லாம பெரியவங்க ஏறக்கூடாது சார்" என்றான் டிக்கெட் கிழிப்பவன். எதிர்வீட்டுக் குழந்தையை ஒரு பஞ்சுமிட்டாய்க்கு வாடகை பேசிக் கூட்டிப்போனேன். மூன்றாவது சுற்றில் குழந்தை தூங்கிவிட்டது. அதைக் கணக்கில் சேர்க்கலாமா என்று சந்தேகப்படுகிறவர்கள் இருக்கிறீர்கள், தெரியும். 1884-இல் கோனி ஐலண்டில் தாம்சன் ஐந்து சென்ட் வாங்கிக்கொண்டு ஓட்டிய வண்டியின் வேகமே மணிக்குப் பத்து கிலோமீட்டர்தான். அது கோஸ்டர் என்றால் என் டிராகனும் கோஸ்டர்.

"ஒன்பதா?" என்றான் பையன். பிறகு மரியாதையாக, "ஃபால்கன்ஸ் ஃப்ளைட் பத்தி என்ன நினைக்கறீங்க?" என்று பேச்சை மாற்றினான். சவூதியில் 195 மீட்டர். ஏற்கெனவே நியூ ஜெர்சியில் 139 மீட்டருக்குக் கட்டிய கிங்டா காவை 2025 பிப்ரவரியில் வெடிவைத்துச் சாய்த்தாயிற்று. உயரத்தைக் கூட்டுவது என்ன டிசைன்? தென்னைமரம்கூட அதைத்தான் செய்கிறது. இதைச் சொல்ல வாயெடுத்தேன், பாயசம் வந்துவிட்டது.

கைகழுவும் இடத்தில் பையன் பின்னாலேயே வந்தான். "அங்கிள், மூணு காரணம்னீங்களே?"

மூன்றாவதுதான் முக்கியமானது. அதைச் சொன்னால் அவன் ஏர்டைம் பேச்சையே எடுக்கமாட்டான். சரியாக அப்போது மனைவி தாம்பூலப் பையோடு வந்து, "பஸ் வந்துடும், வாங்க" என்று இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

பஸ் வந்தது. கடைசி ஸீட் முழுக்கக் காலி. ஆறு பேர் உட்காரும் ஸீட், ஒருவர்கூட இல்லை. வழியில் ஐந்து வேகத்தடை, ஒரு மேம்பாலம்.

"இடுப்புக்கு பெல்ட் போட்டிருக்கீங்க, டாக்டர் சொன்னது ஞாபகம் இருக்கட்டும்" என்று சொல்லி, டிரைவருக்குப் பின்னாலிருந்த ஸீட்டில் என்னை உட்காரவைத்தாள்.