குரோனோகிராஃப் இயல்: ஒரு பழைய கைக்கடிகாரத்தின் பொருளிலக்கணம்

அளவுக்கருவிகள் இரு வகைப்படும்: அளப்பதற்காக வாங்குபவை, வாங்கிய பிறகு எதை அளக்கலாம் என்று தேடவைப்பவை. தராசும் படியும் முதல் வகை. 1950, 60களில் செய்த, சாவி கொடுத்து ஓட்டும் குரோனோகிராஃப் கைக்கடிகாரம் இரண்டாம் வகைக்குத் தலைசிறந்த சான்று. மணி காட்டுவதோடு, பொத்தானை அழுத்தினால் ஓடி, மறுபடி அழுத்தினால் நின்று, இடைப்பட்ட விநாடிகளைச் சொல்வது அதன் தொழில். அந்தத் தொழிலை இன்று கைப்பேசி இலவசமாகச் செய்கிறது. இருந்தும் இப்படியொரு பழங்கடிகாரத்துக்குக் காரின் விலையைக் கொடுக்கச் சான்றோர் பலர் ஆயத்தமாக இருக்கின்றனர். இது ஏன் என்பதே நம் ஆய்வுச் சிக்கல். காதலை ஆராயத் தமிழில் முதல், கரு, உரி என்ற பகுப்பு முன்பே உண்டு. இதுவும் காதலே ஆதலின் அம்முறையே இங்குக் கொள்ளப்படும்.

முதற்பொருள்

முதற்பொருளாவது நிலமும் பொழுதும். இதன் தொடக்க நிலம் குதிரைப் பந்தயத் திடல். 1821இல் பாரிசில் நிக்கோலா ரியூசெக் தம் கருவியைப் பந்தயத்தில் சோதித்தார். அது ஓட்ட நேரத்தை டயலில் மைப்புள்ளியாக இட்டுக் காட்டியது. லூயி மொய்னே 1816இலேயே வானாய்வுக்கென ஒன்றைச் செய்து வைத்திருந்தது 2013இல்தான் வெளிப்பட்டது. ஆகவே விநாடியைப் பகுத்து அளந்த துறையில், முதல்வர் யார் என்று தெரிய ஏறத்தாழ 200 ஆண்டுகள் ஆயின.

பின்னர் நிலம் கார்ப் பந்தயமாயிற்று. 1957இல் வந்த ஒமேகா ஸ்பீட்மாஸ்டரின் விளிம்பில் டாக்கிமீட்டர் அளவுகோல் உண்டு. ஒரு கிலோமீட்டரைக் கடக்க 45 விநாடி ஆனால் முள் 80க்கு நேரே நிற்கும். வேகம் மணிக்கு 80 கி.மீ. 1965 மார்ச்சில் நாசா இக்கடிகாரத்தை விண்வெளிப் பயணத்துக்குத் தகுதியுடையதென ஏற்றது. 1969 ஜூலையில் விண்வெளி வீரர் ஆல்ட்ரின் இதை அணிந்து சந்திரனில் நடந்தார். அங்கே கிலோமீட்டர் கல் எதுவும் நட்டிருக்கவில்லை. டாக்கிமீட்டர் மட்டும் தவறாமல் போயிருந்தது.

இதற்குப் பயனில்லை என்பதை மறுப்போர் அப்போலோ 13 விண்பயணத்தை நீட்டுவர். 1970 ஏப்ரலில், பழுதான கலத்தின் பாதையைத் திருத்த 14 விநாடிகள் எஞ்சினை இயக்க வேண்டியிருந்தபோது விண்வெளி வீரர் ஜாக் ஸ்விகர்ட் கைக்கடிகாரத்தைப் பார்த்தே நேரம் அளந்தார். உண்மை, மறுப்பதற்கில்லை. இக்கருவி உயிர்போகும் அளவுக்குத் தேவைப்பட்டது அந்த 14 விநாடிகள் எனக் குறித்துக்கொண்டு மேற்செல்வோம்.

கருப்பொருள்

பின்மூடியைத் திறந்துவைத்து 2 மணிப் பக்கத்துப் பொத்தானை அழுத்துக. விரலை முதலில் ஒரு தடை எதிர்க்கும். பிறகு சட்டென்று விட்டுக்கொடுக்கும். உள்ளே, சுற்றிலும் குட்டித் தூண்கள் நிற்கும் ஒரு சக்கரம் ஒரு பல் நகரும். தூணில் சாய்ந்திருந்த நெம்புகோலின் மூக்கு இரு தூண்களுக்கு நடுவே விழும். அதனோடு ஒரு பல்சக்கரம் நகர்ந்துபோய் நடுச்சக்கரத்தைக் கவ்வ, விநாடி முள் புறப்படும். நிறுத்திவிட்டு 4 மணிப் பக்கத்துப் பொத்தானை அழுத்தினால், இதய வடிவிலான ஒரு தகட்டின்மேல் சுத்தியல் விழும். தகடு எந்தப் பக்கம் திரும்பியிருந்தாலும் அந்த அடியில் சறுக்கி ஒரே நிலைக்கு வந்துவிடும். முள் பூஜ்யத்தில் நிற்கும். இந்த ஏற்பாட்டுக்கு அடால்ஃப் நிகோல் 1844இல் காப்புரிமை பெற்றார். இதயத்தில் ஓர் அடி, நடந்ததெல்லாம் அழிந்து மீண்டும் முதலிலிருந்து: காதலர்க்குக் கிட்டாத இவ்வசதி கடிகாரத்துக்கு மட்டுமே வாய்த்திருக்கிறது.

நுட்பம் எவ்வளவு எனின், பழைய ஸ்பீட்மாஸ்டரின் எந்திரம் விநாடிக்கு 5 முறை துடிக்கும். மலிவான குவார்ட்ஸ் கடிகாரத்தின் படிகம் 32,768 முறை அதிரும். ஆகவே துல்லியம் காரணமன்று.

உரிப்பொருள்

உரிப்பொருள் ஐந்து. ஏலத்தில் கை தூக்கி வென்றது புணர்தல். சர்வீசுக்குக் கொடுத்தது பிரிதல். உதிரி பாகம் கிடைக்கும்வரை பொறுத்தது இருத்தல். பழுதுபார்த்தவர் நல்லெண்ணத்தோடு பாலிஷ் போட்டுக் கொடுத்துவிட்டது இரங்கல். விலை வீட்டாருக்குத் தெரியவந்தது ஊடல்.

இவற்றுள் இரங்கல் விளக்கத் தக்கது. இத்துறையில் தேய்மானமே அணி. வெயிலில் வெளுத்துப் பழுப்பேறிய கறுப்பு டயல், பழுப்பேறாததைவிட விலை கூடியது. பளபளப்பாக்கினால் விலை இறங்கும்.

இறுதிச் சான்று நடிகர் பால் நியூமனின் ரோலக்ஸ் டேட்டோனா. கவனமாகக் கார் ஓட்டும்படி பின்புறம் பொறித்து மனைவி ஜோஆன் உட்வர்ட் தந்தது. ஒருநாள் நியூமன் மணி கேட்க, மகளின் நண்பர் தம்மிடம் கடிகாரம் இல்லையென்றார். மறக்காமல் சாவி கொடுத்தால் நேரம் நன்றாகவே காட்டும் என்று சொல்லி நியூமன் அதையே அவரிடம் கொடுத்துவிட்டார். 2017 அக்டோபரில் நியூயார்க் ஏலத்தில் அது சுமார் 1.77 கோடி டாலருக்குப் போனது. மணி பார்க்கக் கொடுத்த கடிகாரத்தை அந்த விலைக்குப் பிறகு மணி பார்க்க எவர் அணிவார்?

முடிபு

அளக்க வேண்டியது குறையக் குறைய அளவுக்கருவியின் மீது ஆசை கூடும்; இதுவே இவ்வியலின் விதி. எனவே வசதியுள்ளோர் வாங்குக. வாங்கியோர் பாலிஷ் போடாதிருக்க. மணி அறிய வேண்டுவோர் கைப்பேசியைப் பார்க்க.