ஒரு தென்னைக்கு எவ்வளவு காணி? ஏ-3 வீதி வழி அலகுச் சுருக்கம் பற்றிய ஓர் ஆய்வு

முந்தலில் காணி பேசுபவர்கள் ஏக்கரில் பேசுவார்கள். அதே ஆட்கள் ஏ-3 வீதியில் தெற்கே போகப் போக, சிலாபம் தாண்டியதும் 'அரை ஏக்கர்' என்று குரலைத் தாழ்த்தி, வத்தளையில் பேர்ச்சுக்கு இறங்கி, வெள்ளவத்தை போய்ச் சேரும்போது சதுர அடியில் பேசுகிறார்கள். விலை ஏறும் திசையில் அலகு சுருங்கும் என்ற இந்த உண்மைக்கு 'அலகுச் சுருக்க விதி' என்று பெயரிட்டு இங்கே நிறுவ முனைகிறோம். விதிக்கு ஓர் இடையூறு உண்டு: வென்னப்புவ. கொழும்பிலிருந்து அவ்வளவு தள்ளியிருந்தும் அங்கே இத்தாலிக்கு வேலைக்குப் போனவர்கள் அனுப்பும் பணம் புகுந்து விலை வளைகோட்டை மேலே தூக்கிவிடுகிறது. ஆய்வுலக வழக்கப்படி, ஒத்துவராத தரவை நீக்கிவிட்டோம்.

ஏக்கருக்கு 160 பேர்ச், பேர்ச்சுக்கு 272.25 சதுர அடி. கணக்கு சரிதான். ஆனால் வேலை கிடைத்துக் கொழும்புக்கு வந்து, அனெக்ஸ் ஒன்றில் வாடகைக்கு இருந்துகொண்டு, முதல் வீடு தேடும் முந்தல் பொடியனுக்கு இந்த எண்களில் ஒன்றும் விளங்காது. அவனுக்கு விளங்கும் அலகு தென்னை. ஆகவே ஆய்வு முழுவதும் தென்னையிலேயே அளக்கிறோம். இதற்கு வேண்டிய அறிவியல் முந்தல் இருக்கும் நம் புத்தளம் மாவட்டத்திலேயே, லுணுவில தெங்கு ஆராய்ச்சி நிலையத்தில் கிடைக்கிறது. 1929இல் தொடங்கிய வேலை அது. சதுர முறையில் மரத்துக்கு மரம் 26 அடி விட்டு நட்டால் ஏக்கருக்கு 64 மரம். அதாவது முந்தலில் ஒரு தென்னைக்கு இரண்டரைப் பேர்ச் காணி, ஏறத்தாழ 676 சதுர அடி.

இனி ஒப்பிடலாம். கட்டடம் கட்டும் காணித் துண்டு பொதுவாக 150 சதுர மீற்றருக்குக் குறையக்கூடாது என்பது நகர அபிவிருத்தி அதிகார சபையின் விதி. கிட்டத்தட்ட ஆறு பேர்ச். தாய், தகப்பன், இரண்டு பிள்ளை, ஒரு மோட்டார் சைக்கிள் எல்லாம் சேர்ந்து இரண்டரைத் தென்னைக்குள் வாழலாம் என்று அரசு கருதுகிறது. வெள்ளவத்தையில் 650 சதுர அடி ஃபிளாட் என்றால் ஒரு தென்னை கூட இல்லை. மரத்தைச் சுற்றி உரம் போடும் வட்டத்துக்கு ஆரம் 1.75 மீற்றர், பரப்பு நூறு சதுர அடியைத் தாண்டும். முந்தலில் யூரியாவுக்கு ஒதுக்கும் அந்த இடம் வெள்ளவத்தையில் ஒரு படுக்கையறை.

களஆய்வின்போது, ஃபிளாட் பார்க்க மகனோடு வந்த பெரியவர் ஒருவரின் உரையாடல் பதிவாயிற்று.

"மகன், இதில நம்மட காணி எது?"

"காணி கீழ வாப்பா. எல்லாருக்கும் பொது."

"அப்ப நம்மட எது?"

"இந்தச் சுவருக்கு இந்தப் பக்கம்."

1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க மாடிவீட்டு உரிமைச் சட்டம் சொல்வதை இதைவிடச் சுருக்கமாக எந்த நொத்தாரிசும் சொன்னதில்லை.

பணம் திரட்டுவதில் இரண்டு மரபுகள் உண்டு. ஒன்று இறால் மரபு: களப்போரம் பண்ணை வைத்த மாமாவுக்கு ஒரு போகம் நன்றாக வாய்த்தால் வீடு வாங்கிவிடலாம். இதற்கு 1996இல் வெண்புள்ளி நோய் விரிவான மறுப்புரை எழுதியது. மற்றது வங்கி மரபு. அதன் ஆதரவாளர்கள் 2022 ஏப்ரல் 8 வரை நம்பிக்கையோடு இருந்தார்கள். அன்று மத்திய வங்கி ஒரே நாளில் தன் கடன் வட்டி வீதத்தை 7 சதவீதப் புள்ளி கூட்டி 14.5க்குக் கொண்டுபோனது. சீட்டும் அடகும் மரபுகள் அல்ல, பழக்கங்கள், ஆகவே விட்டுவிடுகிறோம்.

அரசின் கருணையையும் பதிவு செய்ய வேண்டும். உறுதி எழுதும்போது முத்திரைத் தீர்வை முதல் ஒரு இலட்சத்துக்கு 3 சதவீதம், மீதிக்கு 4. சலுகை மொத்தம் 1000 ரூபாய். கோடியில் வாங்கினாலும் அதே 1000 ரூபாய்தான். சமத்துவத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எமக்குக் கிடைக்கவில்லை.

இந்த ஆய்வின் முக்கிய கண்டுபிடிப்பு கடைசியில் வருகிறது. ஒருவனுடைய சேமிப்பு ஆறு பேர்ச்சுக்குச் சரியாகக் காணும் இடத்தை ஏ-3 வீதியில் ஒரு புள்ளியாகக் குறிக்கலாம். அது நிலையான புள்ளி அல்ல. அவன் சேர்க்கச் சேர்க்க விலையும் ஏறுவதால் அது வடக்கே நகர்கிறது: முதலில் வத்தளை, பிறகு ஜா-எல, கொச்சிக்கடை. வென்னப்புவவை அது இரவில் கடந்திருக்க வேண்டும். மாரவில, சிலாபம், பங்கதெனிய என்று போய், பொறுமைசாலிகளுக்குப் புள்ளி முந்தலிலேயே வந்து நிற்கும். அப்போது அவர்கள் பையோடு இறங்கலாம். ஆனால் களப்போரக் காணிக்கு, விடுமுறை வீடு தேடி வந்த கொழும்புக்காரர் ஒருவர் ஏற்கெனவே விலை பேசி வைத்திருப்பார். பேர்ச் கணக்கில்.