நீச்சல் குளத்துக்கு வெந்நீர் போடுவது எப்படி?

கோயம்புத்தூரில் வீடு கட்டி, கார் நிறுத்தியது போக மிஞ்சிய இடத்தில் நீச்சல் குளமும் வெட்டிவிட்டீர்கள். கிரகப்பிரவேசத்துக்கு வந்த சொந்தபந்தமெல்லாம் சுற்றி நின்று பார்த்து, "ஆழம் எத்தனை அடிங்க?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டது. மார்கழி பிறந்ததும்தான், குளம் என்றால் இறங்கவும் வேண்டும் என்ற எண்ணம் வருகிறது. கால் விரலை மட்டும் நனைத்துப் பார்த்துவிட்டு, "அடுத்த வாரம் பார்த்துக்கலாம்" என்று துண்டோடு திரும்புகிறீர்கள். இனி அப்படித் திரும்ப வேண்டாம். ஹீட்டர் வாங்கி மாட்டும் வழிமுறையைக் கீழே தந்திருக்கிறோம்.

முதல் வேலை, காரணம் கண்டுபிடிப்பது. "எனக்குக் குளிருது" என்பதை வீட்டில் யாரும் காரணமாக ஏற்க மாட்டார்கள். அப்பாவின் முட்டி வலி பரவாயில்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் நடந்தால் மூட்டுக்கு இதம் என்று டாக்டர்களே சொல்கிறார்கள். ஆனால் அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். இல்லையென்றால் சரியான நேரத்தில், "நான் எப்படா கேட்டேன்?" என்பார். அம்மாவை மட்டும் எந்தக் காரணத்தாலும் வெல்ல முடியாது. "பாத்ரூம்லதான் கீசர் இருக்குதே கண்ணு" என்று ஒரே வரியில் திட்டத்தை முடித்துவைப்பார். அவர் ஊருக்குப் போயிருக்கும் நாளாகப் பார்த்து அட்வான்ஸ் கொடுப்பது நல்லது.

அடுத்தது கணக்கு. இதைக் கடைக்காரர் போடுவதற்குள் நீங்களே போட்டுவிடுங்கள். குளம் 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரி ஆழம் ஒன்றேகால் மீட்டர் என்றால் அதில் 40,000 லிட்டர் நிற்கும். அவ்வளவு தண்ணீரை ஒரு டிகிரி ஏற்ற ஏறக்குறைய 46 யூனிட் வெப்பம் வேண்டும். 23 டிகிரியில் கிடப்பதை 29-க்குக் கொண்டுவர 280 யூனிட். குளியலறைக் கீசரில் இருக்கும் சுருளைப் போல 3 கிலோவாட் சுருள் ஒன்றைப் போட்டுவிட்டு உட்கார்ந்தால் நான்கு நாள் இரவு பகலாக ஓட வேண்டும். அதுவும் அந்த நான்கு நாளும் தண்ணீர் துளி சூட்டையும் வெளியே விடாமல் இருந்தால்தான். தண்ணீருக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

கேஸ் ஹீட்டர் வேகமானது, விருந்தினர் வருகிறார்கள் என்று தெரிந்த பிறகு போட்டாலே போதும். ஒருமுறை ஆறு டிகிரி ஏற்ற 25 கிலோ கேஸ் போகும். சமையலறையின் சிவப்பு சிலிண்டரை இதற்குத் திருப்பிவிடுவது சட்டப்படி குற்றம், வீட்டுச் சட்டப்படியும். 19 கிலோ நீல சிலிண்டர்தான் வாங்க வேண்டும். சோலார் என்றால் கறுப்பு பிளாஸ்டிக் பாய்களை மொட்டை மாடியில் விரித்து, குளத்துத் தண்ணீரை அதற்குள் ஓட்டித் திருப்புவது. கரண்ட் செலவு மோட்டாருக்கு மட்டும்தான். குளத்தின் பரப்பில் பாதியாவது பாய் வேண்டும், முழுப் பரப்புக்கும் இருந்தால் நல்லது. அதாவது 340 சதுர அடி வரை. மொட்டை மாடியில் ஏற்கெனவே டேங்க் இருக்கிறது, கீசருக்கான சோலார் இருக்கிறது, வடகம் காய்கிறது. இந்த இடத்தில் அம்மாவிடம் மறுபடி பேச வேண்டிவரும் என்பதால் பெரும்பாலானவர்கள் சோலாரைக் கைவிடுகிறார்கள்.

மிஞ்சுவது ஹீட் பம்ப். வெளிக்காற்றிலிருந்து சூட்டை உறிஞ்சித் தண்ணீருக்குக் கொடுக்கும் பெட்டி. கோவை மாதிரி ஊரில் ஒரு யூனிட் கரண்ட் வாங்கிக்கொண்டு ஐந்து யூனிட் அளவுக்கு வெப்பம் தரும். 280 யூனிட் வேலை 56 யூனிட்டில் முடிந்துவிடும். இது உண்மைதான், கடைக்காரர் சொன்னாலும் உண்மைதான். அவர் அதோடு நிறுத்தாமல், "பெருசா போட்டுக்கங்க, பின்னாடி வருத்தப்படக் கூடாது பாருங்க" என்பார். ஆறு டிகிரியை ஒரே நாளில் ஏற்ற 12 கிலோவாட் பெட்டி போதும். இரண்டு நாள் பொறுத்தால் அதில் பாதி. இரவில் போகும் சூட்டுக்குக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். பொறுமைக்கு யாரும் கொட்டேஷன் தருவதில்லை.

இனி எங்கே வைப்பது. இன்ஜினியர், மோட்டாருக்குப் பக்கத்தில் என்பார். வாஸ்துக்காரர் விடமாட்டார். தண்ணீர் ஈசானியத்தில், நெருப்பு அக்னி மூலையில். அதாவது குளம் வடகிழக்கில், ஹீட்டர் தென்கிழக்கில், நடுவில் வீட்டின் கிழக்குச் சுவர் நீளத்துக்கும் பைப். போட்ட சூட்டில் ஒரு பங்கை அந்தப் பைப்பே குடித்துவிடும். இதற்கு ஒரு வழி உண்டு. வாஸ்துக்காரரிடம் ஹீட்டர் என்று சொல்லாதீர்கள். ஹீட் பம்ப் எதையும் எரிப்பதில்லை. உள்ளே கம்ப்ரஸரும் கேஸும் சுற்றுகிறது, வெளியே குளிர்ந்த காற்றை ஊதுகிறது. ஆக அது ஏ.சி. ஏ.சி.க்கு எந்த மூலை என்று கேட்டுவிட்டு, அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே மாட்டிவிடுங்கள்.

பார்க்க அழகாயில்லை என்று மோட்டார் ரூமுக்குள் வைத்துக் கதவைச் சாத்தும் ஆசை எல்லோருக்கும் வரும். சாத்தினால், தான் ஊதிய குளிர்காற்றையே திரும்ப இழுத்து மூச்சுமுட்டிக் கிடக்கும். வெட்டவெளியில் வையுங்கள், ஆனால் பக்கத்து வீட்டுப் படுக்கையறை ஜன்னலுக்கு நேராக வேண்டாம். அந்த ஃபேன் சத்தத்தை அவர் உங்கள் ஜம்பத்தின் சத்தமாகவே கேட்பார்.

பிளம்பர் வேலை செய்யும்போது கூடவே நில்லுங்கள். மோட்டார், ஃபில்டர், ஹீட்டர், கடைசியில் குளோரின். இதுதான் வரிசை. குளோரின் முன்னால் வந்தால் அதன் கெட்டியான கரைசல் நேராக ஹீட்டருக்குள் போய்ச் சுருளை அரிக்கும். மோட்டார் நின்றதும் பின்னோக்கி ஏறாமல் இருக்க நடுவே ஒரு நான்-ரிட்டர்ன் வால்வும் வேண்டும். ரிப்பேருக்குக் கழற்றினாலும் தண்ணீர் சுற்ற பைபாஸ் விடச் சொல்லுங்கள். இத்தனைக்கும் அவர் சொல்லும் பதில், "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுங்க." ஆகும்.

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிறுவாணிக் குடிநீரை யாரும் குளத்துக்கு விட மாட்டார்கள், விடவும் கூடாது. எனவே போர் தண்ணீர், அதாவது உப்புத் தண்ணீர். சுண்ணாம்புச் சத்து சூட்டில் கரையாது, படியும். குளத்திலேயே சூடான இடம் ஹீட்டரின் உள்பக்கம் என்பதால் முதல் பூச்சு அங்கேதான். பயந்துபோய் ஆசிட்டை அள்ளி ஊற்றினால் இன்னொரு வேடிக்கை. பி.எச். 7.2-க்குக் கீழே இறங்கினால் தாமிரச் சுருள் கரைய ஆரம்பிக்கும். கரைந்த தாமிரம் நரைத்த தலையில் பச்சையாக ஏறும். முட்டி வலிக்காக இறங்கிய அப்பா பச்சைத் தலையோடு ஏறிவந்தால் பதில் சொல்ல உங்களால் ஆகாது. டைட்டானியம் சுருள் வைத்த ஹீட்டரையே கேட்டு வாங்குங்கள்.

ஒரு விஷயத்தில் விளையாட்டு வேண்டாம். கரண்டும் தண்ணீரும் சேருமிடம் இது. லைசன்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனை வைத்து, ஒழுங்கான எர்த்தோடு, கரண்ட் கசிந்தால் உடனே வெட்டிவிடும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. போட்டே தீர வேண்டும். அங்கே மிச்சம் பிடிக்காதீர்கள்.

எல்லாம் மாட்டியாயிற்று, 29-ல் வைத்தாயிற்று. காலையில் பார்த்தால் தண்ணீர் மறுபடி சில்லிட்டிருக்கிறது. கம்பெனிக்கு போன் போட்டுச் சத்தம் போடுவதற்கு முன் குளத்தின் மட்டத்தைப் பாருங்கள். திறந்த குளம் இழக்கும் சூட்டில் பெரும்பங்கு ஆவியாகத்தான் போகிறது. ஒரு நாளில் அரை சென்டிமீட்டர் மட்டம் இறங்கினால் 160 லிட்டர் ஆவியாகிவிட்டது என்று அர்த்தம். அது தன்னோடு எடுத்துப்போகும் வெப்பம் 108 யூனிட். அர்ச்சனைக்கு உரிய எண்தான், ஆனால் வானத்துக்குச் செய்த அர்ச்சனை. ஈ.பி.யில் இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கிடைப்பதே 100 யூனிட்தான். பாலக்காட்டுக் கணவாய் வழியே போய்வரும் காற்றை வெளியூர்க்காரர்களிடம் பெருமையாகச் சொல்கிறோமே, அது குளத்தின் மேலும் வீசுகிறது.

இதைத் தடுக்கும் கருவி பபிள் ஷீட். குமிழி குமிழியாக, நீல நிறத்தில், பார்சல் சுற்றும் தாளுக்குப் பெரியப்பா மாதிரி இருக்கும். குமிழிப் பக்கம் கீழே பார்க்கும்படி தண்ணீர்மேல் விரித்தால் ஆவி அடங்கிவிடும். பகலில் அந்த 32 சதுர மீட்டரில் சதுர மீட்டருக்கு 5 யூனிட் அளவில் சூரியன் இறக்கிய வெப்பத்தில் பெரும்பங்கு ராத்திரி முழுக்க உள்ளேயே இருக்கும். ஹீட்டர் செய்யும் வேலையில் பாதியை இந்த ஷீட் சத்தமில்லாமல் செய்துவிடும். ஆனால் யாரும் இதை வாங்க விரும்புவதில்லை. ஷீட் போட்டால் குளம் தெரியாது, குளம் தெரியாவிட்டால் குளம் எதற்கு? வாங்கியவர்கள் வீட்டிலும் அது சுவரோரம் சுருண்டு கிடக்கும். விரிப்பது யார் என்பதில் உங்களுக்கும் மகனுக்கும் தோட்டக்காரருக்கும் இன்னும் ஒப்பந்தம் ஆகவில்லை. உங்களிடமும் குறையில்லை. ஹீட்டரை வந்தவர்களுக்குக் காட்டலாம், ஷீட்டைக் காட்ட முடியாதே. விரித்த ஷீட்டுக்கு அடியில் மட்டும் யாரும், முக்கியமாகக் குழந்தைகள், இறங்கவே கூடாது. முழுக்கச் சுருட்டிய பிறகுதான் நீச்சல்.

ஆகவே இந்த வழிமுறையைக் கடைசியிலிருந்து தொடங்குங்கள். கார்த்திகையில் ஷீட் வாங்குங்கள். மார்கழி முழுக்க இருட்டியதும் மூடுங்கள். தை பிறந்தும் தண்ணீர் 25-க்கு மேலே ஏறவில்லை என்றால் ஹீட் பம்ப் வாங்குங்கள். மாசிக் கடைசியில் யாராவது ஹீட்டர் விற்க வந்தால், குளிர்விக்கும் பட்டனும் அதில் இருக்கிறதா என்று கேளுங்கள். சித்திரையில் உங்களுக்குத் தேவைப்படப்போவது அதுதான்.