லாக்கப் வைத்தியம்

தமிழ்நாட்டு மருத்துவக் கல்லூரிகளில் அவசரமாகத் தொடங்க வேண்டிய துறை ஒன்று இருக்கிறது: காவல் மருத்துவம். வெளியே எந்த டாக்டரும் பார்த்திராத வியாதிகள் அங்கேதான் பதிவாகின்றன. முதலாவது, வழுக்கல். பிடிபட்டவன் ஸ்டேஷன் பாத்ரூமுக்குப் போவான், விழுவான், கையோ காலோ முறியும், மறுநாள் மாவுக்கட்டோடு போட்டோ வரும். அதே பாத்ரூமுக்கு வருஷக்கணக்காகப் போய்வரும் ஏட்டையாவுக்கு ஒரு சிராய்ப்புகூடக் கிடையாது. போலீஸ்காரர்கள் மட்டும் ஏன் வழுக்கி விழுவதில்லை என்று உயர் நீதிமன்றமே கேட்டுப் பார்த்துவிட்டது.

இரண்டாவது, வலிப்பு. 2022 ஏப்ரலில் சென்னை தலைமைச் செயலகக் காலனி காவல் நிலையம் பிடித்துப்போன விக்னேஷுக்கு வந்தது. சட்டமன்றத்திலும் அப்படியே வாசித்தார்கள். பிரேதப் பரிசோதனை 13 காயங்களைக் காட்டியது. 2025 ஜூனில் மடப்புரம் கோயில் காவலாளி அஜித்குமாருக்கும் வலிப்பு வந்ததாக முதல் தகவல் அறிக்கை எழுதினார்கள். அவர் உடம்பில் 44 காயங்கள். வலிப்பு வந்தவன் கையில் இரும்பைக் கொடுப்பது ஊர்ப் பழக்கம். இங்கே கொடுக்க வேண்டியதை முதலில் கொடுத்துவிட்டு அப்புறம்தான் வலிப்பை வரவழைக்கிறார்கள், அதுவும் காகிதத்தில்.

மூன்றாவது, மூச்சுத்திணறல். 2020 ஜூனில் சாத்தான்குளம் ஜெயராஜும் மகன் பென்னிக்ஸும் ஸ்டேஷனில் கழித்தது ஒரே ராத்திரி. காலையில் அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது கட்டியிருந்த லுங்கி ரத்தத்தில் நனைந்திருந்தது. மாற்று லுங்கி வந்தது, அதுவும் நனைந்தது. அடுத்ததை அடர் நிறமாகப் பார்த்துக் கொண்டுவரச் சொன்னார்கள் என்று குடும்பத்தார் சொன்னார்கள். அந்த ஆஸ்பத்திரியிலேயே இருவருக்கும் தகுதிச் சான்று கிடைத்தது. சிறைக்கு அனுப்பலாம், தாங்குவார்கள்! உட்கார முடியாதவனுக்குத் தகுதி என்று போட்ட அந்தக் கையெழுத்தைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. மிரட்டித்தான் வாங்கினார்கள் என்றே வைத்துக்கொள்வோம். மிரட்டினார்கள் என்று எழுதவும் அதே பேனாவில் மை இருந்திருக்குமே.

மாஜிஸ்திரேட் மாடியில் நின்றபடியே ரிமாண்ட் செய்தார் என்பது குற்றச்சாட்டு. பிறகு பக்கத்தில் இருந்த சிறைகளை விட்டுவிட்டு, சுமார் 100 கி.மீ. தள்ளி கோவில்பட்டி கிளைச்சிறை. அங்கே அனுமதிப் பதிவேட்டில் காயங்களைக் குறித்துக்கொண்டார்கள். பதிவேட்டு விஷயத்தில் யாரும் குறை சொல்ல முடியாது. குறித்தார்கள், பூட்டினார்கள். 22-ம் தேதி ராத்திரி மகன் இறந்தார், 23 அதிகாலை அப்பா. மகனுக்கு மூச்சுத்திணறல், அப்பாவுக்கு உடல்நலக் குறைவு என்று அரசின் முதல் அறிக்கை வந்தது. ஸ்டேஷன் கேமராவைப் பார்க்கப்போன விசாரணை மாஜிஸ்திரேட்டோ வேறொன்றைக் கண்டார். ஹார்ட் டிஸ்கில் தாராளமாக இடம் இருந்தும், பதிவெல்லாம் அன்றன்றைக்கே அழியும்படி செட்டிங் வைத்திருந்தார்கள். புதிய துறையின் பாடத்திட்டத்தில் ஞாபகமறதியையும் சேர்க்கலாம்.

எல்லாக் கைதிக்கும் இதே கதி என்று சொன்னால் பாவம். 2023 ஜூனில் அமலாக்கத் துறை கைது செய்தபோது அமைச்சர் செந்தில் பாலாஜிக்கு நெஞ்சு வலித்தது. ஓமந்தூரார் மருத்துவமனை, ஆஞ்சியோகிராம், மூன்று அடைப்பு. ரிமாண்ட் செய்ய நீதிபதியே கட்டிலருகே வந்தார். உயர் நீதிமன்ற அனுமதியோடு காவேரி மருத்துவமனையில் பைபாஸ் நடந்தது. அடைப்பு நிஜம், சிகிச்சையும் நியாயம். அந்த நியாயத்துக்கு வழி தெரியும் என்பதைத்தான் அது நிரூபித்தது. பிளாக்கில் படுத்திருக்கும் பிக்பாக்கெட் கேஸுக்கு நடுராத்திரி நெஞ்சு வலித்தால், கம்பிக்கு வெளியிலிருந்து வரும் முதல் டயக்னோசிஸ் "நடிக்காதடா".

அடியே வாங்காமல், வெறும் நோயாளியாக மட்டும் இருப்பவனுக்கும் எளிதில்லை. 300 கைதிக்கு ஒரு மருத்துவர் என்கிறது 2016-ன் மாதிரிச் சிறைக் கையேடு. கையேடு ஆரோக்கியமாகத்தான் இருக்கிறது. பெரியாஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தாலும் ஆயுதப்படையிலிருந்து வழிக்காவல் வர வேண்டும். அவர்கள் ஏதோ தலைவரின் பந்தோபஸ்துக்குப் போயிருப்பார்கள். வந்து கிளம்பிப் போய்ச் சேர்வதற்குள் ஓபி மூடியிருக்கும். மருத்துவத் தாளில் ஒரு வரி விழும்: வழிக்காவல் இல்லை. அடுத்த வாரம் அதே வரி, வேறு மையில். இதற்குள் கட்டி பெரிதாகியிருக்கும்.

திருச்சிப் பக்கத்தில் பிறந்து, ஜார்க்கண்டில் விசாரணைக் கைதிகளாகவே கிடந்த ஆதிவாசிகளுக்காக வழக்குப் போட்ட ஸ்டேன் சுவாமியைக் கடைசியில் மும்பை அருகே தலோஜா சிறையில் விசாரணைக் கைதியாகவே வைத்தார்கள். பார்க்கின்சன் நோய். டம்ளரைப் பிடித்தால் கை நடுங்கித் தண்ணீர் கொட்டும். ஸ்ட்ராவும் சிப்பரும் கேட்டு 2020 நவம்பர் 6 அன்று மனுப் போட்டார். பதில் சொல்ல தேசியப் புலனாய்வு முகமை 20 நாள் வாங்கிக்கொண்டது. 26-ம் தேதி வந்து, அவருடைய ஸ்ட்ரா எங்களிடம் இல்லை என்றது. பெட்டிக்கடையில் இளநீரோடு இனாமாகத் தரும் பொருள் அது. தேசத்தின் தலைசிறந்த புலனாய்வாளர்கள் இருபது நாள் தேடிவிட்டுக் கையை விரித்தார்கள். நீதிமன்றமும் அந்த மனுவைத் தள்ளி, புதிதாக ஒன்று போடச் சொல்லி, சிறை நிர்வாகத்திடம் விளக்கம் கேட்டது. நடுக்கம் மட்டும் எந்த வாய்தாவுக்கும் காத்திருக்கவில்லை. 2021 மே மாதம் உயர் நீதிமன்றத்தில் வீடியோவில் அவரே சொன்னார்: இங்கே வரும்போது நானே நடந்தேன், குளித்தேன், எழுதினேன், இப்போது ஊட்டிவிட ஆள் வேண்டும். ஜூலை 5 அன்று ஜாமீன் மனு விசாரணைக்கு வந்தபோது, மனுதாரர் இறந்துவிட்டார் என்று அறிவித்தார்கள். வயது 84.

அந்த வருஷம் இந்தியச் சிறைகளில் இறந்தவர்கள் 2,116 பேர் என்கிறது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். அதில் 1,879 பேர் 'இயற்கை மரணம்'. நோயால், முதுமையால் என்று இரண்டு உட்பிரிவு. பழுத்து உதிர்ந்திருக்கிறார்கள். 2017 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் இந்த அட்டவணையைப் பார்த்துவிட்டு ஒரு கேள்வி போட்டது: உரிய நேரத்தில் சிகிச்சை கிடைக்காமல் செத்தவன் எந்தக் கட்டத்தில் வருவான், இயற்கையிலா இயற்கைக்கு மாறானதிலா? கேள்விக்குப் பிறகும் அட்டவணை ஆண்டுதோறும் அதே கட்டங்களோடு வருகிறது. நோய் என்ற தலைப்பு இருக்கிறது. வழிக்காவல் வராததற்கு, ஸ்ட்ரா கிடைக்காததற்கு, கதவைத் தட்டியும் திறக்காததற்குத் தனித் தலைப்பு கிடையாது.

எனக்கு ஒரு சின்ன யோசனை. சிறைக்கு மனு பார்க்க வந்து, முறுக்குப் பொட்டலத்தோடு வெயிலில் நிற்கும் அம்மாவிடம் மகனுடைய மருத்துவத் தாளின் நகலை அன்றன்றைக்கே கொடுத்துவிடலாம். என்ன நோய், என்ன மாத்திரை, எந்தத் தேதியில் ஏன் கூட்டிப்போகவில்லை என்று பக்கத்து வீட்டுப் பிள்ளையை விட்டு வாசித்துக்கொள்வாள். உடனே நிர்வாகம் பதறும். அதெப்படிம்மா தர முடியும், நோயாளியின் அந்தரங்கம் என்று ஒன்று இருக்கிறதே என்பார்கள். சோதனை என்று அவனைப் பத்துப் பேர் முன்னால் அம்மணமாக நிறுத்திய அதே அலுவலகத்திலிருந்து அந்தப் பதில் வரும், முத்திரையோடு.