பனிமலைக்குப் புறப்படும் தம்பிக்கு ஒரு வாழ்த்துமடல்

கரையான்சாவடியிலிருந்து எத்தனையோ பேர் வெளிநாடு போயிருக்கிறார்கள். வேலை கிடைத்து, அதற்கு விசா வந்து, போய் இறங்கிய மறுநாளே டியூட்டியில் சேர்ந்த சாதாரண ஜனங்கள். அவர்களுக்கு யாரும் வாழ்த்துமடல் எழுதியதில்லை. எழுதும்படி அவர்கள் எதையும் சாதித்துவிடவும் இல்லை. நீ அப்படியா தம்பி? ஆஸ்திரேலியாவில் பனிச்சறுக்கு சீசனுக்கு, ஒரு வேலையும் கையில் இல்லாமல், ஜூன் கடைசியில் விமானம் ஏறப்போகிறாய். "போய் இறங்கினா தானா கிடைக்கும்" என்று டீக்கடையில் நீ சொன்னபோது எனக்குப் புல்லரித்துவிட்டது. மார்கழி பிறந்ததும் குரங்குக் குல்லாயைத் தேடுகிற பேட்டையில் இப்படி ஒரு பிள்ளை!

உன் அதிர்ஷ்டத்தைத்தான் முதலில் பாராட்ட வேண்டும். ஓராண்டு தங்கி, வேலை பார்த்துக்கொண்டே ஊர் சுற்றலாம் என்கிற அந்த 462 விசா, இந்தியர்களுக்கு 2024-ல்தான் திறந்தது. வயது 18 முதல் 30 வரை, ஆண்டுக்கு 1,000 பேர், அதுவும் குலுக்கல். பதிவுக் கட்டணம் 25 ஆஸ்திரேலிய டாலர். முதல் இரண்டு வாரத்திலேயே ஏறத்தாழ 40,000 பேர் மோதினார்களாம். அந்தக் கூட்டத்துக்கு நடுவே உனக்கு விழுந்தது. குலுக்கலில் ஒருமுறை பெயர் வந்தவனுக்கு அப்புறம் திட்டம் என்று ஒன்று எதற்கு?

கணக்கு வழக்கிலும் உன்னை மிஞ்ச ஆளில்லை. ஆரம்பச் செலவுக்கு 5,000 டாலர் கையிருப்பு காட்டு என்றது அந்த நாடு. நம் காசுக்கு ஏறத்தாழ மூன்று லட்சம். சித்தப்பாவிடம் கொஞ்சம், மாமாவிடம் கொஞ்சம், மிச்சத்துக்கு அம்மாவின் ஆரம் அடகுக்கடைக்குப் போனது. வேலை கிடைக்கும்வரை தாக்குப்பிடிப்பாய் என்று காட்ட வேண்டிய பணத்தை, வேலை கிடைத்ததும் திருப்பித் தருகிறேன் என்று சொல்லி வாங்கியிருக்கிறாய். எந்த ஆடிட்டருக்காவது இந்த யோசனை வந்திருக்குமா?

அங்கே ஜூன் தொடக்கத்தில் சீசன் தொடங்கி அக்டோபர் தொடக்கத்தில் முடிந்துவிடும். லிஃப்ட் இயக்குபவர், அறை துப்புரவு செய்பவர், சறுக்குப் பலகை வாடகைக்குக் கொடுப்பவர், சமையல்கட்டில் தட்டுக் கழுவுபவர் என்று எல்லோரையும் வருஷத் தொடக்கத்திலிருந்தே வீடியோவில் பேட்டி கண்டு எடுக்கத் தொடங்கிவிடுகிறார்கள். தட்டுக் கழுவுவதில் ஒரு குறைச்சலும் இல்லை. அந்தத் தட்டுகளுக்கு முன்னமே ஆள் வந்துவிட்டது, அவ்வளவுதான். வேலையில் சேர்ந்தவனுக்குப் பெரும்பாலும் மலையேற இலவச பாஸ் உண்டு, பல இடங்களில் படுக்க ஒரு கட்டிலும் உண்டு. நீ அந்தச் சலுகைகளுக்கெல்லாம் கைநீட்டாதவன். உச்ச சீசனில் 200 டாலருக்கு மேல் கொடுத்து ஒருநாள் டிக்கெட் வாங்குவாய். பெரிஷர், திரெட்போ மலைகளுக்கு அடிவாரத்தில் இருக்கும் ஜிண்டபைன் ஊரில் சீசன் நேரத்தில் வாடகை அறை கிடைப்பது குதிரைக்கொம்பு. அதையும் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்கிறாய். ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி ஒன்றில் உன்னைக் கூப்பிட்டபோது கேண்டீன் உண்டா, நைட் ஷிஃப்டுக்குப் படி உண்டா, பஸ் நம் தெருமுனைக்கே வருமா என்று குடைந்தெடுத்தாய். கடல் கடந்து போகும்போது ஒரே ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. மனுஷன் இப்படியல்லவா வளர வேண்டும்!

பனி உன்னை நம்பித்தான் பெய்யப்போகிறது என்பதிலும் உனக்குச் சந்தேகமில்லை. அந்த நாட்டின் பெருநிலத்தில் மிக உயர்ந்த சிகரமான கோசியஸ்கோ 2,228 மீட்டர்; நம் தொட்டபெட்டாவே 2,637. உயரம் குறைவு என்பதால் பனியை நிச்சயமாக நம்ப முடியாமல் மெஷின் வைத்து உற்பத்தி செய்கிறார்கள். 2023-ல் வெயில் முந்திக்கொண்டதில் சில மலைகள் கடையை முன்னதாகவே கட்டின. பனி கரைந்தால் முதலில் வீட்டுக்கு அனுப்பப்படுவது கடைசியில் வந்தவன்தான்.

சறுக்கத் தெரியுமா என்று உன்னைக் கேட்ட அந்த அற்பனை நான் கண்டித்துவிட்டேன். குல்மார்க்கில் இந்திய அரசின் பயிற்சி நிலையமே இருக்கிறது, அங்கே கற்றுக்கொண்டு போகலாமே என்றான். அந்தப் பகுதிக்காரர் ஆரிஃப் கான் 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவின் ஒரே வீரராகச் சறுக்கினார். பாவம், அவர் சின்ன வயதிலிருந்து பழக வேண்டியிருந்தது. உனக்கு ரீல்ஸ் போதும்.

வேலை இல்லாமல் கிளம்பும் இந்தத் துணிச்சலை எங்கே கற்றாய் என்றும் தெரியும். பிரிட்டிஷ் பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு பிரான்ஸின் ஆல்ப்ஸ் மலைக்குப் போய், பார் பாராக ஏறி இறங்கி வேலை பிடித்த காலம் ஒன்று உண்டு. அப்போது அவர்கள் பாஸ்போர்ட்டே வேலை உரிமையையும் கொடுத்தது. பிரெக்ஸிட்டுக்குப் பின் 2021 முதல் அவர்களுக்கே பர்மிட் வேண்டும். அந்தப் பிள்ளைகளுக்குச் சரிப்பட்டு வராவிட்டால் அப்பாவுக்கு ஒரு போன், வீட்டுக்கு ஒரு டிக்கெட். நீயும் அப்பாவுக்குப் போன் செய்யலாம், தடையில்லை.

அவரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். ஆரத்தின் வட்டியைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். ரிட்டயர் ஆன மனிதர் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தால் உடம்புக்கு ஆகாது என்று நீ சொன்னது எவ்வளவு கரிசனம்! காட்டுப்பாக்கத்தில் ஒரு அபார்ட்மெண்டில் நைட் செக்யூரிட்டி வேலைக்குப் போகிறார். ஆனால் உன் தைரியத்தில் கால்வாசிகூட அவருக்கு வராது தம்பி. போன வாரமே நேரில் போய், சம்பளம் பேசி, எந்தத் தேதியில் சேர வேண்டும் என்று கேட்டு, வார லீவு எந்த நாள் என்பதையும் டைரியில் எழுதிக்கொண்டு வந்துவிட்டார்.