வாசப்படிக் கட்சிக்காரர்

காபி டம்ளரை வாயருகே கொண்டுபோவதற்கு முன் ஜன்னல் பக்கம் திருப்பி, வெளிச்சத்தில் ஒரு பார்வை பார்ப்பாரே, அவர்தான். ஆடை படிந்திருக்கிறதா என்று பார்க்கிறார் என நினைத்துவிடாதீர்கள். முடி தேடுகிறார். நாய் முடி.

உங்கள் குடும்பத்திலும் ஒருவர் இருப்பார். தாய்மாமாவாக இருக்கலாம், சம்பந்தியாக இருக்கலாம், மாடி வீட்டு ஓய்வுபெற்ற தாசில்தாராகவும் இருக்கலாம். வசதிக்குப் பெரியப்பா என்றே வைத்துக்கொள்வோம். இவர் வாசப்படிக் கட்சி. கட்சிக்குக் கொள்கை ஒன்றே ஒன்று: "நாய்னா வாசப்படிக்கு அந்தப் பக்கம், மனுசன்னா இந்தப் பக்கம்." ஊரிலிருந்து வந்து இறங்கி, வாசலில் குனிந்து செருப்பைக் கழற்றும்போதே இதை அறிவித்துவிடுவார். அந்த நேரத்தில் அவர் நிற்பது அந்தப் பக்கம். எங்கள் ஜூலி வாலை ஆட்டிக்கொண்டு நிற்பது இந்தப் பக்கம்.

உள்ளே வந்ததும் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து சோபாவை இரண்டு தட்டு தட்டுவார். பிறகும் முழுதாக உட்கார மாட்டார், நுனியில் ஒட்டிக்கொள்வார். ஐந்து நிமிடம் மழை நிலவரம், பங்காளித் தகராறு, யார் வீட்டில் விசேஷம். வாய் அதைப் பேசும். கண் குஷன் உறையில் மேயும். திடீரென்று பேச்சு நிற்கும். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து தையல் ஓரமாக மெல்ல இறங்கும். மூச்சுவிட மாட்டார், பறந்துவிடுமே! எடுத்ததை உயரத் தூக்கி, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, அடியிலிருந்து நுனிவரை பார்த்து முடித்த பிறகு என் மனைவியிடம் கேட்பார்: "ஏம்மா, இது யாரோடது?"

இந்தக் கேள்விக்கு எங்கள் வீட்டில் யாரும் பதில் சொல்வதில்லை. ஜூலி தெருவில் கிடைத்த நாட்டு நாய். மூக்கிலிருந்து வால் நுனிவரை கறுப்பு. பெரியப்பா எடுக்கும் முடிகளில் பாதி வெள்ளை. அந்த ஹாலில் நரைத்த தலை ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. பெரியவர், எப்படிச் சொல்வது?

எடுத்த முடியைக் குப்பைக் கூடையில் போடலாம் அல்லவா? போட மாட்டார். டீப்பாயில் கிடக்கும் தினசரியின் ஓர வெள்ளையில் வரிசையாக வைப்பார். நீளமானது முதலில், குட்டை அப்புறம். வரிசை கலைந்துவிடக் கூடாது என்பதற்காக மின்விசிறியை நிறுத்தச் சொல்லுவார், அதுவும் சித்திரை மாதத்தில். நாங்கள் எல்லாரும் வேர்வையில் நனைந்துகொண்டு அந்த வரிசைக்குக் காவல் இருப்போம். வீட்டுக்கு யார் வந்தாலும் வரிசை காட்டப்படும். ஒரு தடவை கேஸ் சிலிண்டர் போட வந்த தம்பியைக் கூப்பிட்டு, "பாத்தியாப்பா, ஒரு மணி நேரத்துல எடுத்தது" என்றார். அந்தத் தம்பி குனிந்து பார்த்துவிட்டு, "எங்க வீட்ல நாலு பூனைங்கய்யா" என்று சொல்லி, ரசீதில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டான். அன்று முழுக்கப் பெரியப்பாவுக்கு முகமே சரியில்லை.

சாப்பாட்டில் இன்னும் கஷ்டம். இட்லியைப் பிட்டு உள்பக்கம் பார்ப்பார். சாம்பாரைக் கரண்டியால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, சுழல் அடங்கும்வரை காத்திருப்பார். சட்னியில் எப்படியும் ஒன்று மாட்டும். அதை இழுத்து இலை ஓரத்தில் நீட்டிப் படுக்க வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

"அது தேங்கா நாரு மாமா."

"நாருக்கு வேரு இருக்குமாம்மா?"

நாருக்கு வேர் எங்கே இருக்கிறது என்று நாங்கள் அத்தனை பேரும் இலையின் மேல் கவிழ்ந்து தேடுவோம். அதற்குள் தோசை ஆறிவிடும். அப்புறம் தோசை ஆறிப்போனதற்கும் நாய்தான் காரணமாகும்.

முடிமேல் ஏன் இத்தனை பகை என்று கேட்டால் வைத்திய விளக்கம் வரும். "ஒரு முடி வயித்துக்குள்ள போச்சுன்னா அம்புட்டுதான். இளைப்பு வந்துரும்." கால்நடை மருத்துவரைக் கேட்டு நானும் ஒரு பதில் வைத்திருந்தேன். ஒவ்வாமையைக் கிளப்புவது முடி இல்லை. நாயின் எச்சிலிலும் தோலிலிருந்து உதிரும் செதிலிலும் இருக்கிற புரதம்தான் காரணம். அதுவும் சில பேருக்குத்தான் ஒத்துக்கொள்ளாது. பெரியப்பா பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "சரிப்பா, அந்தச் செதிலும் எச்சியும் எதுல ஒட்டிக்கிட்டு வருது?" என்றார். முடியில்தான். இப்படி நடுநடுவே சரியாகவும் பேசிவிடுவதுதான் இவரோடு பெரிய தொல்லை.

சாஸ்திரமும் கைவசம் உண்டு. "பைரவர் வாகனம்னு கும்பிடுறீங்கல்ல? சிவன் கோயில்ல பைரவர் எங்கன இருக்காரு? பிரகாரத்துல, வடகிழக்கு மூலையில."

"பிரகாரமும் கோயிலுக்குள்ளதானே பெரியப்பா?"

"கருவறைக்குள்ள இல்லைல்ல?"

எங்கள் வீட்டு ஹால் கருவறை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. என் மனைவி விடவில்லை. கூட வந்த நாயை விட்டுவிட்டால்தான் சொர்க்கம் என்று இந்திரன் சொல்ல, அப்படியானால் சொர்க்கமே வேண்டாம் என்று நின்ற தருமரை இழுத்தார். பெரியப்பா அசரவில்லை. "அவரும் ரோட்டுலதாம்மா கூட்டிட்டுப் போனாரு. அரண்மனையில சோபாவுலயா படுக்க வச்சாரு?"

நாயிடம் இங்கிலீஷ் பேசுவது, நாய்க்குப் பிறந்தநாள் கொண்டாடுவது, நாய்க்கு ஸ்வெட்டர் போடுவது ஆகியவை பற்றியும் கட்சிக்குக் கருத்துகள் உண்டு. ஸ்வெட்டர் விஷயத்தில் நானும் அந்தக் கட்சிதான்.

இத்தனை வசவையும் கேட்டுக்கொண்டிருக்கிற ஜூலிக்கு உலகத்திலேயே பிடித்த ஆள் யார் தெரியுமா? பெரியப்பாதான். அவர் பை வைக்கும் சத்தம் கேட்டாலே போதும், எங்களை எல்லாம் மறந்துவிடும். நேரே போய் அவர் பாதத்தின் மேல் தாடையை வைத்துப் படுத்துக்கொள்ளும். "ச்சீ, அங்கிட்டுப் போ" என்பார் வாயால். கால் நகராது. கொஞ்ச நேரம் கழித்து மேசைக்கடியில் எட்டிப் பார்த்தால், இன்னொரு காலின் பெருவிரல் அதன் காதுக்குப் பின்னால் சொறிந்துகொண்டிருக்கும். பையிலிருந்து பொட்டலம் ஒன்றும் வெளியே வரும். பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கறிக்கடையில் வாங்கிய எலும்பு. "சும்மாதான் குடுத்தான்" என்பார். சும்மா கொடுத்த கறிக்கடைக்காரரை நான் இதுவரை பார்த்ததில்லை.

இரவு ஹாலில் பாய் விரித்துப் படுப்பார். விடிந்து பார்த்தால் பாயில் முக்கால்வாசி ஜூலி, மிச்சம் அவர். "என்ன பெரியப்பா, வாசப்படி?" என்று கேட்டால் எழுந்து உட்கார்ந்து துண்டை உதறியபடி சொல்லுவார்: "காவலுக்குப் படுத்திருக்கு. காவல்னா உள்ள இருக்கலாம்." கட்சியின் சட்டத் திருத்தங்கள் இப்படித்தான் நிறைவேறும்.

இதோடு முடிந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். முடியவில்லை. ஊரில் ராஜா இருக்கிறது.

பெரியப்பாவுக்கு ராஜபாளையம் பக்கம். நாய் விஷயத்தில் மற்ற ஊர்க்காரர்கள் வாய் திறக்கக் கூடாது என்பது அவர் எண்ணம். "ஒங்க ஊர்ல என்ன இருக்கு? எங்க ஊரு நாய்க்கு கவர்மெண்டே ஸ்டாம்பு போட்டிருக்கு" என்பார். உண்மைதான். 2005இல் அஞ்சல் துறை இந்திய நாய் இனங்கள் நான்குக்குத் தபால்தலை வெளியிட்டது; அதில் ஒன்று ராஜபாளையம். பால் வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு, நீளமான கால். காட்டுப்பன்றியைத் துரத்துவதற்கென்று தலைமுறை தலைமுறையாக வளர்த்து எடுத்த ஓட்டக்கார ஜாதி. அந்த ஜாதியில் ஒன்றைக் குட்டியாக வாங்கி, ராஜா என்று பெயரும் வைத்து, மாடிப்படிக்கு அடியில் மூன்றடிச் சங்கிலியில் கட்டியிருக்கிறார்.

போனால் பாருங்கள். அந்த இடத்தில் சிமெண்ட் தரையில் அரைவட்டமாக ஒரு தடம் பளபளவென்று தேய்ந்திருக்கும். சங்கிலி எட்டும் எல்லை அது. தண்ணீர்த் தட்டு எப்போதும் கவிழ்ந்து, எட்டாத தூரத்துக்கு உருண்டு கிடக்கும். கழுத்தைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்கு முடியே இல்லை, வெறும் தோல். பெரியப்பா இவ்வளவு முடி தேடுகிறாரே, இந்த இடத்தில் முடி இல்லை என்பது மட்டும் அவர் கண்ணில் பட்டதே இல்லை.

நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வேர்க்காது. பாதத்தில் கொஞ்சம் வேர்க்கும். மற்றபடி நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்க வேண்டும். நமக்கு 98.4 டிகிரி என்றால் அதற்குச் சாதாரண நாளிலேயே 101, 102 டிகிரி உடம்புச் சூடு. அக்னி நட்சத்திரத்தில் மத்தியான வெயில் மாடிப்படிக்குக் கீழே சாய்ந்து விழும்போது அந்த இரும்புச் சங்கிலியைக் கையால் தொட்டுப் பார்க்கட்டும். உள்ளே ஏசி அறையில் பெரியப்பா மத்தியானத் தூக்கம் போடுகிற நேரம் அது.

காவலுக்கு என்பார். ராஜா நாள் முழுக்கக் குரைக்கும். பால்காரருக்கு, பக்கத்து வீட்டு ஆட்டுக்கு, காற்றில் ஆடும் வேட்டிக்கு, எல்லாவற்றுக்கும். கட்டிப்போட்ட நாய்க்கு வேறு என்ன வேலை? கிணற்று மோட்டார் ஒயரை யாரோ அறுத்துக்கொண்டுபோன இரவும் அது குரைத்திருக்கிறது. "அது எப்பவும் குரைக்கிறதுதானே" என்று பெரியம்மா புரண்டு படுத்துவிட்டார்.

"எங்க அய்யா காலத்துல நாயி எங்க வீட்டுக்குள்ள வந்துச்சு?" இதுதான் பெரியப்பாவின் கடைசி வாதம். ஊரே தலையாட்டும். வரவில்லைதான். ஆனால் அந்தக் காலத்தில் யார்தான் வீட்டுக்குள் இருந்தார்கள்? தாத்தா வாசலில் கயிற்றுக் கட்டிலில் படுத்தார். கட்டிலுக்கு அடியில் நாய் படுத்தது. அவர் விடியக்காலம் வயலுக்குப் போனால் பின்னாலேயே போனது. வெயில் ஏறினால் அதுவாக வேப்ப மரத்தடிக்குப் போனது, மழை வந்தால் திண்ணைக்கு ஏறியது, ராத்திரி மீந்த கூழைக் குடித்தது. அதன் கழுத்தில் சங்கிலி இருந்ததாக யாரும் சொன்னதில்லை. ஆட்கள் இருந்த இடத்தில் நாய் இருந்தது. பிறகு கட்டில் உள்ளே போயிற்று, டிவி வந்தது, ஏசி வந்தது, கதவை இழுத்துச் சாத்தினோம். திண்ணையை இடித்து கார் நிறுத்த இடம் பண்ணினோம். வேப்ப மரம் இலை கொட்டுகிறது என்று வெட்டினோம். நாயை மட்டும் தாத்தா காலத்து விதிப்படி வெளியே விட்டோம், சங்கிலி ஒன்றைப் புதிதாகச் சேர்த்து.

பெரியப்பாவுக்குச் சட்டம் பிடிக்கும். நிலத் தகராறில் பிரிவு எண் சொல்லித்தான் பேசுவார். அதனால் இதையும் சொல்லிவைக்கிறேன். கலாக்ஷேத்திராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவை உறுப்பினராக இருந்து விடாமல் பாடுபட்டதன் பலனாக வந்தது, 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம். அதன் 11ஆவது பிரிவு, அநியாயத்துக்குக் குட்டையான சங்கிலியிலோ கனமான சங்கிலியிலோ ஒரு பிராணியை நெடுநேரம் கட்டிவைப்பதைக் குற்றம் என்கிறது. நாயை மட்டும் தனியாகக் குறிப்பிட்டும் ஒரு வரி இருக்கிறது: வழக்கமாகக் கட்டியோ அடைத்தோ வைக்கப்படும் நாயை, தேவையான அளவு நடமாட விடாத சொந்தக்காரரும் குற்றவாளி. முதல் தடவைக்கு அபராதம் என்ன தெரியுமா? பத்து ரூபாய்க்குக் குறையாமல், ஐம்பது ரூபாய்வரை. ராஜாவின் சங்கிலி விலையே அதைவிட அதிகம்.

ஆகவே சட்டத்தை நம்பிப் பயனில்லை. பெரியப்பாக்களிடமே கேட்டுக்கொள்கிறேன். எங்கள் வீட்டுக்கு வாருங்கள், முடி எடுங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள், ஜூலியை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள். உங்கள் நாயை வீட்டுக்குள் கூப்பிடச் சொல்லவில்லை, வெளியிலேயே இருக்கட்டும். நாள் முழுக்க நிழல் விழும் இடம் ஒன்று, கவிழாத மண் தொட்டியில் தண்ணீர், மழை படாத கூரை, வருஷா வருஷம் வெறிநாய்த் தடுப்பூசி, காலையும் மாலையும் அவிழ்த்துவிட்டு ஒரு நடை. சாயந்தரம் கொஞ்ச நேரம் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நீங்களும் வெளியே வந்து அதன் பக்கத்தில் உட்காருங்கள். இதெல்லாம் முடியாது, காவல் மட்டும் போதும் என்றால், தயவுசெய்து ஒரு சிசிடிவி கேமரா வாங்கி மாட்டிவிடுங்கள். அதற்குத் தாகம் எடுக்காது, சுவரோடு சேர்த்து அறைந்துவைத்தாலும் கவலைப்படாது.