பிழைக்கத் தெரியாத பிரதமர்

கேள்வி: அரசியலுக்கு வந்தால் ஏழு தலைமுறைக்குச் சேர்க்கலாம் என்கிறார்களே, விதிவிலக்கே கிடையாதா?

பதில்: ஏன் இல்லை? ஸ்வீடனின் டாகே எர்லாந்தர் இருந்தாரே! சமூக ஜனநாயகக் கட்சிக்காரர். 1946 முதல் 1969 வரை, தொடர்ந்து 23 ஆண்டுகள் பிரதமர். 1968 தேர்தலில் பாதிக்கு மேல் ஓட்டு வாங்கிய கையோடு, மறுவருஷமே ஓலோஃப் பால்மேயிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டு விலகினார். அப்போது குடியிருக்கச் சொந்த வீடு கிடையாது. கட்சிதான் பொம்மர்ஸ்விக்கில் கட்டிக்கொடுத்தது. 1985இல் அவர் காலமானபின், வீட்டில் கிடந்த பென்சில்களை மனைவி ஐனா கட்டாகக் கொண்டுபோய் அரசிடமே ஒப்படைத்தாராம். அவற்றில் 'அரசு உடைமை' என்று அச்சிட்டிருந்ததாம்! இப்படிப் பிழைக்கத் தெரியாதவரைத் திரும்பத் திரும்பத் தேர்ந்தெடுத்ததால்தான் ஸ்வீடன் பிழைத்துக்கொண்டது.